அடிக்குறிப்பில் நிற்கும் உரிமை: தடுப்புக் காவலும் உலகச் சட்டமும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் அதிகாரமுறைப் பதிப்பை எடுத்து 22ஆம் கூறு உள்ள பக்கத்தைப் பார்த்தால், பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். இக்கூறின் 4ஆம் உட்கூறு 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவால் மாற்றப்படும், அது நடைமுறைக்கு வரும் தேதி இனிமேல்தான் அறிவிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் 1979 ஏப்ரல் 30 அன்று ஒப்புதல் அளித்த ஒரு திருத்தத்தின் இந்தப் பிரிவு இன்றுவரை அச்சில் மட்டுமே வாழ்கிறது. விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்கும் காலம், அறிவுரைக் குழுமத்தின் கருத்து இல்லாமல் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி. அதை இரண்டு மாதமாகக் குறைக்கவும், அந்தக் குழுமத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி நீதிபதிகளைக் கொண்டே அமைக்கவும் அத்திருத்தம் வகை செய்தது.

அதே ஏப்ரலின் 10ஆம் நாள், குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. சேரும்போதே ஓர் அறிவிப்பையும் இணைத்தது. கைது, காவல் பற்றிய 9ஆம் கூறு, நம் அரசமைப்பின் 22ஆம் கூறிலுள்ள தடுப்புக் காவல் விதிகளுக்கு இசைவாகவே பொருள்கொள்ளப்படும்; சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை நம் சட்டத்தில் இல்லை என்று அது சொன்னது. நெருக்கடி நிலையின் சிறைகளிலிருந்து வந்தவர்கள் பலர் அமர்ந்திருந்த அரசு அது. உள்நாட்டில் ஒரு வாக்குறுதி, உலகின்முன் இன்னொன்று; இரண்டும் ஒரே மாதத்தில், இரண்டுமே அரைகுறையாக. இந்தத் தற்செயலைத்தான் நான் இக்கட்டுரையின் திறவுகோலாகக் கொள்கிறேன்.

நாட்டின் பாதுகாப்பு ஒரு தட்டிலும் தனிமனித உரிமை மறு தட்டிலும் இருப்பதாகவே இவ்விவாதத்தில் வழக்கமாகப் பேசப்படுகிறது. அந்தத் தராசு உவமை நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. தராசைப் பிடித்திருப்பவரின் பாதுகாப்பு ஒரு தட்டில் இருக்கிறது. மறு தட்டில் இருப்பதோ வேறொருவரின் உரிமை. ஆகவே எவ்வளவு உரிமைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்ற கேள்வியைவிட, அடைத்தவர் யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த மொழியில் காரணம் சொல்ல வேண்டும் என்ற கேள்வியே அடிப்படையானது. உலகச் சமூகம் என்ற ஒன்று உருவாகி வருகிறதா என்பதையும் இதே அளவுகோலால்தான் அளக்க முடியும்.

எல்லை கடந்த சட்டச் சிந்தனை எப்போதும் உரிமையின் பக்கமே வந்து சேரும் என்று நம்புவது எளிது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபீலிக்ஸ் ஃப்ராங்ஃபர்டரைச் சந்தித்துத் திரும்பிய பின், அமெரிக்கப் பாணியிலான ‘முறையான சட்ட நெறி’ என்ற தொடர் வரைவிலிருந்து போய், ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்பது வந்தது. அதற்கு முன்மாதிரி 1946ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசமைப்பு. உலகிலிருந்து நாம் கற்றுக்கொண்ட முதல் பாடம் நீதிபதியின் கையைக் கட்டுவதாக இருந்தது. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டவே 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இன்றைய 22ஆம் கூறைக் கொண்டுவந்தார். உரிமைகளின் அத்தியாயத்துக்குள்ளேயே தடுப்புக் காவலும் இடம்பிடித்த கதை இதுதான்.

இதன் விலையை முதலில் கொடுத்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1947 டிசம்பரிலிருந்தே காவலில் இருந்த அவருக்கு, 1950 மார்ச் 1 அன்று புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் ஆணை கொடுக்கப்பட்டது. அந்த ஆணையை எதிர்த்துச் சென்னை அரசுமீது தொடுத்த வழக்கில் எம்.கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். அந்த ஆண்டு மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், நாடாளுமன்றம் இயற்றிய நடைமுறை எதுவாயினும் அது போதும் என்றார்கள். ஃபசல் அலி மட்டும், அறிவிப்பு, கேட்கப்படும் வாய்ப்பு, நடுநிலையான தீர்ப்பாயம் ஆகியவை இல்லாத ஒன்றை நடைமுறை என்றே சொல்ல முடியாது என்ற திசையில் எழுதினார். ஆனால் ஒரு புள்ளியில் எல்லா நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம் வெளியிடுவதையே குற்றமாக்கிய 14ஆம் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. கோபாலன் தோற்ற வழக்கில் வென்றது அந்த ஒன்றுதான்: காரணத்தை நீதிபதிக்குக் காட்டலாம். அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளில் கிடைத்த வெற்றிகளில் பெரும்பாலானவை அந்தச் சிறு கதவு வழியாகவே வந்தன என்று நினைக்கிறேன்.

1976 ஏப்ரல் 28 அன்று அந்தக் கதவும் அடைபட்டது. ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள் ஒருபக்கம், எச்.ஆர். கன்னா மறுபக்கம். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைபட்ட கைதியின் ஆட்கொணர்வு மனுவைக் கேட்கவே முடியாது என்றது பெரும்பான்மை. மறுத்து எழுதிய கன்னாவுக்குத் தலைமை நீதிபதிப் பதவி கிடைக்கவில்லை. அத்தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்ல 2017 ஆகஸ்ட் 24 வரை ஆயிற்று.

இன்றைய நடைமுறையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ‘குண்டாஸ்’ என்று எல்லோரும் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் ஒருவர் பிடிபட்டால், ஆணையோடு ஒரு கட்டுத் தாள் அவர் கைக்கு வரும்: முதல் தகவல் அறிக்கை, ரிமாண்ட் உத்தரவு, வாக்குமூலங்கள், முந்தைய வழக்குகளின் விவரம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இவ்வாணைகள் எதனால் ரத்தாகின்றன என்று பார்த்தால் மனம் கனக்கும். கொடுத்த நகலில் ஒரு பக்கம் மங்கியிருந்தது. ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் தரவில்லை. கைதியின் முறையீட்டைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம். அவருக்குப் புரியும் மொழியில் காரணம் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962இல் ஹரிகிஷன் வழக்கிலேயே சொல்லிவிட்டது. இவற்றைச் சின்னச் சின்ன நுட்பக் குறைகள் என்று பலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விசாரணையே இல்லாத இடத்தில், படிக்கக்கூடிய ஒரு தாள்தான் ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் முழு நீதிமன்றம். துயரம் வேறிடத்தில் இருக்கிறது: அந்தத் தாளின் குறையை நீதிபதி கண்டுபிடிப்பதற்குள் பல மாதங்கள் போய்விடுகின்றன. அறிவுரைக் குழுமத்தின்முன் கைதிக்காக வழக்கறிஞர் நிற்கவும் முடியாது. எதிரில் இருப்பது அரசு, இவர் தனி.

இனி உலகச் சட்டத்தின் பக்கம். 1979இல் இந்தியா இழப்பீட்டுக்குப் போட்ட தடை நம் நீதிமன்றங்களிலேயே கரைந்தது. விடுவிக்கப்பட்ட பின்னும் பதினான்கு ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது. 1993இல் நீலபதி பெஹரா வழக்கில் அவ்வுடன்படிக்கையின் 9ஆம் கூறையே துணைக்கு அழைத்தது. டி.கே. பாசு வழக்கில், இந்தியா போட்ட அந்தத் தடை தன் பொருளை இழந்துவிட்டது என்று வெளிப்படையாகவே எழுதியது. அரசு வாசலில் நிறுத்திவைத்த உலகச் சட்டத்தை நீதிபதிகள் பக்கவாட்டுக் கதவால் உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

அதே உலகிலிருந்து எதிர்த்திசைக் காற்றும் வீசியது. 2001 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்கு எதிராகக் கடுமையான சட்டம் செய்யும்படி எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்திய அத்தீர்மானம், பயங்கரவாதம் என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. அடுத்த மாதமே இங்கே பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அவசரச் சட்டமாக வந்தது. பின்னர் 2008இல் திருத்தப்பட்ட உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் முகப்புரையில் 1373 பெயர் சொல்லியே இடம்பெற்றது. 2002 ஜூலையில் வைகோ ஒரு மேடைப் பேச்சுக்காகப் பொடாவில் கைதாகிப் பத்தொன்பது மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அச்சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில்தான் அவர் கட்சியும் இருந்தது. நியூயார்க்கில் வரையறையின்றி எழுதப்பட்ட ஒரு சொல், திருமங்கலத்து மேடைவரை வந்துசேர்ந்தது.

ஆகவே உலகமயமான சட்டம் என்பதால் மட்டும் அது மேலானதாகிவிடாது. 2008 செப்டம்பர் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் காதி வழக்கில் தந்த தீர்ப்பை இதனால்தான் முக்கியமாகக் கருதுகிறேன். பாதுகாப்பு அவையின் பட்டியலில் பெயர் இருந்ததாலேயே ஒருவரின் சொத்துகள் முடக்கப்பட்டன; ஏன் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. உலகின் உச்ச அமைப்பே கேட்டுக்கொண்டாலும் காரணம் சொல்லாமல் தண்டிக்க முடியாது என்று அந்நீதிமன்றம் மறுத்தது. அடுத்த ஆண்டு பாதுகாப்பு அவை அப்பட்டியலில் உள்ளவர்களின் முறையீட்டைக் கேட்க ஒரு குறைதீர்ப்பாளர் பதவியை உருவாக்கியது. அவையும் காரணம் சொல்லக் கடமைப்பட்டது என்ற எண்ணம் பிறந்த இடம் அது. அங்கேதான் உலகச் சமூகத்தின் ஓர் அடி எனக்குத் தெரிகிறது.

குண்டு வெடித்த ஊரில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு அவர்களுக்கும் உரிமைதான். ஆனால் ராஜீவ் காந்தி கொலை வழக்கை எண்ணிப் பாருங்கள். தடா என்ற முந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது; தடாவின் பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. நாட்டையே உலுக்கிய கொலையில்கூட, இரண்டாவது முறை காரணம் கேட்டபோது இத்தனை வேறுபாடு. ஒருமுறைகூடக் கேட்கப்படாமல் தடுப்புக் காவலில் கிடப்பவர்களின் நிலை என்ன?

மூன்று செயல்கள் உடனடியாகச் சாத்தியம். 1979இன் அறிவிப்பைத் திரும்பப் பெறலாம். நம் நீதிமன்றமே அதில் ஒரு பாதியைக் கைவிட்டாயிற்று. அறிவுரைக் குழுமத்தின்முன் வழக்கறிஞரை அனுமதிக்கலாம். மூன்றாவதற்குப் புதிய சட்டமோ வாக்கெடுப்போ வேண்டாம். 44ஆவது திருத்தத்தின் 3ஆம் பிரிவைக் கட்டாயம் நடைமுறைப்படுத்தச் சொல்ல முடியாது என்று ஏ.கே. ராய் வழக்கில் 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை விலகிக்கொண்டது. தேதி குறிப்பது அரசின் வேலை என்றது. அரசிதழில் ஒரு வரி வந்தால், அந்தப் பக்கத்தின் அடியிலிருக்கும் குறிப்பு மேலே ஏறி உட்கூறாகிவிடும்.