மலைப்பாதையும் மோட்டார்ப் பழுதும்

திருவேங்கட மலைக்கு மோட்டார் செல்லும் பாதை 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திறக்கப்பட்டது. அதுகாறும் அடியார்கள் படிவழியே நடந்தும், நடக்க இயலாதோர் டோலியில் அமர்ந்தும் ஏறிய மலை அது. பாதையைத் திட்டமிட்டவர் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. திறந்து வைத்தவர் அன்றைய சென்னை மாகாணக் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். சுமார் 19 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டையூசி வளைவுகள், 2,000 அடிக்கு மேற்பட்ட ஏற்றம். ரேணிகுண்டாவில் இரயிலை விட்டிறங்கி மலையை நிமிர்ந்து பார்க்கும் எவருக்கும் அந்த ஏற்றத்தின் கடுமை விளங்கும்.

இச்செய்தி நம் காலனி அன்பர்களுக்குப் புதிதன்று. ஆயின் அக்காலத்து மோட்டார் வண்டிகள் எந்நிலையில் இருந்தன, அவற்றை ஓட விட்டவர் யாவர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். 1944 போர்க்காலம். பெட்ரோலுக்கு 1941-லேயே பங்கீடு வந்துவிட்டது. புதிய வண்டி வாங்க வழியில்லை. டயர் கிடைப்பதரிது. தென்னாட்டுப் பஸ் முதலாளிகள் பலர் வண்டியின் பின்புறம் ஓர் இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, அதனின்று எழும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினர். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் இத்தகைய கரிவாயுக் கலங்களைத் தாமே செய்து விற்றனர்.

கரிவாயு வண்டியின் இயல்பைச் சிறிது விரித்துக் கூறுவது தகும். ஏனெனில் நம் நாட்டு மெக்கானிக் பயின்ற பெரும் பள்ளிகளுள் அது ஒன்று. காற்றைக் குறைத்துக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் விடவேண்டும். வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் வண்டி நின்றுவிடும். இணைப்புக் குழாயில் மயிரிழை ஓட்டை இருப்பினும் கலவை கெட்டுவிடும். எல்லாம் சரியாயிருந்தாலும் பெட்ரோலில் ஓடும்போது உள்ள வலுவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறையும். ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவது அந்நாளில் வியப்பன்று. அவ்வாயுவோ நிறமும் மணமும் அற்ற நஞ்சு. மூடிய கொட்டகையில் கலத்தைப் பற்ற வைப்பவன் உயிருக்கே ஆபத்து. ஆகவே காலையில் கலத்தைத் துடைத்து, கரியை அளந்து இட்டு, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் புறப்படும் பழக்கம் ஏற்பட்டது. எந்தக் கல்லூரியும் சொல்லித் தராத ஒழுங்கு இது.

தமிழ்நாட்டில் மோட்டார்த் தொழிலின் தொடக்கமே கைவேலையில்தான். சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டி செய்துவந்த நிறுவனம். அங்கேதான் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து முடித்தார். 1912-இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டத் தொடங்கினார். அந்நாளைய சாலைகளில் மாட்டு லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும். டயருக்கு அவையே கூற்றுவன். காந்தம் பொருத்திய வண்டியை முன்னே அனுப்பி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் அவர் என்பர். பழுது வந்தபின் பார்ப்பதினும் வருமுன் காப்பதே இலாபம் என்று கணக்கிட்ட வணிகர் அவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டிய ஜி. டி. நாயுடுவும் பள்ளிப் படிப்பால் பொறியாளரானவர் அல்லர். எந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக் கற்றவர்.

அமெரிக்கக் கார்கள் பெருகியது அதன் பின்னரே. போர்டு 1926-இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இலும் இந்தியாவில் நிலைகொண்டு, பகுதிகளைக் கப்பலில் தருவித்து இங்கே பூட்டி விற்றன. போர்டின் பழைய ‘டி’ மாடலுக்கு ஒரு வினோதம் உண்டு. அதில் பெட்ரோல் பம்பு கிடையாது. ஆசனத்தின் கீழுள்ள தொட்டியிலிருந்து எரிபொருள் தானே வழிந்து எஞ்சினுக்கு வரவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் உயர்ந்தால் பெட்ரோல் வருவது நின்றுபோகும். என்ன செய்வது? வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியரிலேயே மலையேற்றினார்கள்! இதை ஏளனமாகக் கொள்ளலாகாது. வண்டியின் உள்ளமைப்பை அறிந்தவனுக்கே அந்த உபாயம் தோன்றும்.

போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும், கானடாவில் செய்த போர்டு, செவ்ரலே லாரிகளும் ஏலத்தில் வந்தன. ‘டிஸ்போசல் வண்டி’ என்று பெயர் பெற்ற அவை, மரக்கூண்டு கட்டப்பெற்றுப் பஸ்ஸாகவும் சரக்கு லாரியாகவும் நெடுங்காலம் உழைத்தன. அடுத்து வந்ததே பெருந்திருப்பம். 1953-இல் டாரிப் கமிஷன், உதிரிப் பகுதிகளையும் இந்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுடையோர் மட்டும் தொழிலில் தொடரலாம் என்று பரிந்துரைக்க, அரசாங்கம் அதை ஏற்றது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அவை விற்ற ஆயிரக்கணக்கான வண்டிகளோ சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. பழுதானால் மாற்றுப் பகுதிக்கு எங்கே போவது? சென்னையில் புதுப்பேட்டை உண்டு. ஒரு வண்டியை உடைத்து மற்றொன்றுக்கு உயிரூட்டும் அந்த வீதி தென்னாடெங்கும் பெயர் பெற்றது. அங்கும் கிடைக்காவிடில் லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்ள வேண்டியதுதான்.

சிக்கனமும் பழையதைப் பேணுவதும் நம் இரத்தத்திலேயே ஊறியவை என்று மேடையில் பேசக் கேட்கிறோம். என் கருத்து வேறு. நம்மவர் முப்பது ஆண்டு பழைய காரை ஓட்டியது வேறு கார் கிடையாமையால். 1957-இல் வந்த அம்பாசடர் கார் பெரிய மாறுதலின்றி 2014 வரை செய்யப்பட்டதும், பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்திருந்ததும் போட்டியில்லாச் சந்தையின் விளைவே. ஆயினும் அந்தக் குறையிலிருந்து ஓர் அறிவு விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஒரே மாதிரி எஞ்சின் ஐம்பது ஆண்டுகள் ஓடியதால், அதன் நோய்களனைத்தும் ஊரூராக அறியப்பட்டிருந்தன. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சக்கரத்தின் மேலமர்ந்தபடியே எஞ்சினின் எந்த மூலையையும் எட்டலாம். வீட்டு மெக்கானிக்குக்கு அதனினும் உவப்பான வண்டி வேறில்லை.

அவ்வறிவின் முறைதான் என்ன? வண்டி கிளம்பவில்லை என்றால் மூன்று வினாக்கள்: பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, காற்று சரியாகக் கலக்கிறதா? பிளக் கம்பியை எஞ்சினின் இரும்புக்குக் கால் அங்குல தூரத்தில் பிடித்து ஹாண்டிலைச் சுழற்றினால், தடித்த நீலப்பொறி தெறிக்க வேண்டும். மஞ்சளாய் மெலிந்து தெறித்தால் கண்டென்சரையோ பாயிண்டையோ ஐயுற வேண்டும். லூகாஸ் டிஸ்டிரிபியூட்டரில் பாயிண்டுகளின் இடைவெளி அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் 14 முதல் 16 பங்கு. அளவுகோல் இல்லாதவர் தீப்பெட்டி அட்டையைச் செருகிச் சரிசெய்து ஊர்போய்ச் சேர்ந்தனர். கழற்றிய பிளக்கின் நிறமோ நாடி பார்ப்பது போன்றது. இளம் பழுப்பு நலம். கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. புகைக்குழாயும் அவ்வாறே பேசும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதையும், ஓயாத வெண்புகை நீர் உட்புகுவதையும் காட்டும்.

மலைப்பாதைக்கென்று தனி நோய்கள் உண்டு. கோடையில் கீழ் கியரில் நெடுந்தூரம் ஏறும்போது, எஞ்சினை ஒட்டிய பம்பும் குழாயும் காய்ந்து, பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடும். பம்பு ஆவியைத் தள்ளமாட்டாமல் வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் எதுவும் நடவாதது போலக் கிளம்பும். அறியாதவர் கார்பரேட்டரைக் கழற்றிப் போட்டு ஒரு பொழுதை வீணாக்குவர். ரேடியேட்டர் கொதிக்கையில் மூடியை உடனே திறப்பது மடமை. பீறிடும் நீராவியால் முகம் வெந்தோர் உண்டு. ரேடியேட்டரில் சிறு கசிவு என்றால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவதும், பெட்ரோல் தொட்டியில் கசிவு என்றால் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பதும் சமையலறையிலிருந்து வந்த வைத்தியங்கள். ஊர் சேரும் வரைக்குமே அவை ஆகும். மஞ்சளையே நம்பி மாதக்கணக்கில் ஓட்டியவர்களின் ரேடியேட்டர் உள்ளே அடைத்துப் பாழானதும் உண்டு.

ஏற்றத்தினும் இறக்கமே அச்சந்தருவது. பிரேக்கை ஓயாது மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து, லைனிங் தன் பிடியை இழக்கும். எண்ணெய் பிரேக்கில் நாட்பட்ட எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அந்நீர் ஆவியாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்கள் வற்புறுத்தியதன் காரணம் இதுவே. பஞ்சரை மரத்தடியில் அமர்ந்து பழகிக்கொள்ளலாம். பிரேக்கைத் தாமே பழுதுபார்க்க முனைவோர் அத்தகைய துணிச்சலைக் கொள்ளலாகாது. சொந்தக் கைவேலையைப் புகழ்ந்து எழுதும் நானும் இந்த ஒன்றில் தேர்ந்த மெக்கானிக்கையே நாடச் சொல்வேன். 1974-இல் இரண்டாம் பாதை முடிந்தபின் ஏறுவதற்கு அதுவும், இறங்குவதற்குப் பழையதுமாக வழி பிரிந்தது. அந்த 36 வளைவுகளும் இறங்குவோர் பங்காயின.

இத்தொழிலைக் கற்ற வழி ஒன்றே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ‘கிளீனர்’ பையனாகச் சேர்ந்து, வண்டி துடைத்து, டயருக்குக் கட்டை வைத்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, அடியும் வசவும் வாங்கி, ஆண்டுகள் பல கழிந்தபின் திருப்புளியைக் கையிற் பிடிக்க உரிமை பெறுவது. அப்பிள்ளைகள் இழந்த பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டு அவர்களது திறமையை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலில் ஓங்கியதில் இத்தகையோரின் உழைப்புப் பெரும்பங்கு. அவர்களது மொழியிலும் சரித்திரம் உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘ஸ்டெப்னி’ என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரிலுள்ள ஒரு தெருவின் பெயர்; 1904 முதல் அங்கே உதிரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனி அத்தெருவின் பெயரைத் தாங்கியது. அவ்வூர் எங்கேயென்று அறியாமலே ஆந்திரனும் தமிழனும் அச்சொல்லைப் பொதுவில் ஆளுகின்றனர்.

ரேணிகுண்டாவுக்கு இரயில் 1862-இல் வந்தது. 1953 அக்டோபர் வரை சென்னை இராச்சியத்தில் இருந்த ஊர் இது. குண்டக்கல் கோட்டம் 1977 வரை தென்னக இரயில்வேயைச் சேர்ந்திருந்தது. நம்மவர் குடும்பங்கள் பல இங்கே வேர்விட்டமைக்கு இவை காரணங்கள். இரயில்வே பிட்டராக இருந்தவர் வீட்டில் ஸ்பேனர் பெட்டி இல்லாதிருப்பதில்லை. பக்கத்திலுள்ள கரகம்பாடியில் 1985-இல் தொடங்கிய அமரராஜா நிறுவனம் 2000-இல் மோட்டார் பாட்டரிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நம் இளைஞருக்கு இன்று பாட்டரி என்றால் மூடி முத்திரையிட்ட பெட்டி. பழைய பாட்டரியிலோ ஆறு மூடிகளையும் திருகித் திறந்து, வடித்த நீர் ஊற்றி, ஹைட்ரோமீட்டர் கொண்டு அமிலத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும்: 1.28 என்றால் நிறைவு, 1.12 என்றால் வறுமை. அந்நாளைய ஆங்கிலக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்று அத்தகைய காரை வைத்திருப்போர் இதைக் குறித்துக் கொள்வார்களாக. மாற்றிப் பொருத்தினால் மின்கருவிகள் கெடும்.

இனிப் பழைய வண்டிகளின் கதி என்ன? சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 15 ஆண்டு கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் இரத்தாகிறது. 2021-இல் வெளியான விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து முதல் அமைப்பு மாறாதிருக்கும் வண்டிகளுக்குத் தனிப் பதிவெண் உண்டு. ஆனால் அவற்றை நாள்தோறும் ஓட்ட அனுமதியில்லை. இப்போதைய கார்களில் பாயிண்டும் இல்லை, கார்பரேட்டரும் இல்லை. கணிப்பொறியே எல்லாவற்றையும் ஆள்கிறது. இதனால் வீட்டுப் பழுதுவேலை ஒழிந்தது என்போர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்க்கட்டும். அங்கே பதினாறு ஊசித் துளைகளுடன் ஒரு சிறு முகப்பு இருக்கும். எளிய விலையில் கிடைக்கும் கருவியொன்றை அதிற் செருகினால், எந்தப் பகுதியில் கோளாறு என்பதைக் குறியெண்ணாக வண்டியே சொல்லிவிடுகிறது. குறியெண்ணைக் கண்டதும் அப்பகுதியையே மாற்றிவிடுவதா, அன்றி அதற்குச் செல்லும் கம்பி அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பதா என்பதில்தான் பழைய மெக்கானிக்குக்கும் புதியவருக்கும் இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. பழையவர் முதலில் கம்பியைத்தான் இழுத்துப் பார்க்கிறார்.