லெய்ஃபுர் எய்ரிக்சன்: கட்டுநாயக்காவில் முடிந்த ஒரு வானூர்தியின் வரலாறு

1978ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி, நள்ளிரவு நெருங்கும் வேளையில், டீ.சீ. 8 ரகப் பயணிகள் வானூர்தியொன்று கட்டுநாயக்கா ஓடுபாதையை அடைய ஏறத்தாழ ஒரு மைல் எஞ்சியிருக்கையில் தென்னந்தோட்டமொன்றினுள் வீழ்ந்து சிதைந்தது. அதிலிருந்த 262 பேருள் 183 பேர் மாண்டனர். நம் நாட்டு மண்ணில் நிகழ்ந்த பேரழிவுகளுள் ஒன்றாயினும், நமது வரலாற்று நினைவில் இதற்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. பயணஞ் செய்தோர் இலங்கையரல்லர், வானூர்தியும் இலங்கையுடையதன்று. அந்நியர் துயரம் விரைவில் மறக்கப்படுகின்றது.

அவ்வானூர்தியின் பெயர் 'லெய்ஃபுர் எய்ரிக்சன்'. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட அமெரிக்கக் கரையை அடைந்த நோர்ஸ் கடலோடியின் பெயர் அது. 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் கட்டப்பட்ட இது, டீ.சீ. 8 வரிசையில் மிக நீண்ட உடலும் திருத்திய இறக்கைகளும் கொண்ட 63ஆம் வகையைச் சேர்ந்தது. வகைப்பெயரின் ஈற்றிலிருந்த 'சீ.எவ்.' என்னும் இரண்டு எழுத்துக்களே இதன் வாழ்க்கையை விளக்கும் திறவுகோல். வேண்டியபோது இருக்கைகளைக் கழற்றிச் சரக்கேற்றவும், மீண்டும் இருக்கைகளைப் பூட்டி மனிதரை ஏற்றவும் ஏற்றதாக இது அமைக்கப்பட்டிருந்தது. எவர் எதற்கு வாடகைக்குக் கேட்பினும் அதற்கு இசையும் கலம் இது.

ஸீபோர்ட் வேர்ல்ட் என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து இது ஐஸ்லாந்தின் லொஃப்ட்லெய்திர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1944இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கட்டணக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்று, நியூயோர்க்கிலிருந்து கெஃப்லாவிக் வழியாக லக்சம்பேர்க் வரை மலிவான கட்டணத்தில் அத்திலாந்திக்கைக் கடக்கும் வசதியை அளித்தது. கையில் காசில்லாத மாணவரும் இளைஞரும் அதனை நாடினர். 1973இல் அது மற்றோர் ஐஸ்லாந்து நிறுவனத்துடன் இணைந்து ஃப்ளுக்லெய்திர் ஆயிற்று.

இவ்வாறு வட அத்திலாந்திக்கில் திரிந்த கலம் இந்து சமுத்திரத்துக்கு வந்ததேன்? கோடையில் அத்திலாந்திக்கில் பயணிகள் நிரம்புவர். குளிர்காலத்தில் பெரிய வானூர்திகள் வேலையின்றி நிற்கும். ஹஜ் காலமோ சந்திர நாட்காட்டியைப் பின்பற்றி ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னோக்கி நகர்வது. 1970களில் அது ஐரோப்பியரின் குளிர்காலத் தொடக்கத்துடன் வந்து பொருந்திற்று. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்கோ, யாத்திரிகர் அனைவரையும் சொந்த வானூர்திகளில் ஏற்றிச் செல்ல இயலவில்லை. ஒருவர் தேவையும் மற்றவர் ஓய்வும் இவ்வாறு சந்தித்தன. ஜித்தாவுக்கும் சுரபாயாவுக்கும் இடைப்பட்ட தூரத்தை முழுச் சுமையுடன் ஒரே பறப்பிற் கடப்பது கடினமாதலால், எரிபொருளுக்கும் பணியாளர் மாற்றத்துக்கும் கட்டுநாயக்கா தரிப்பிடமாயிற்று.

இந்த ஏற்பாடு இலங்கையில் ஏற்கனவே ஒருமுறை பலிகொண்டிருந்தது. 1974 டிசம்பர் 4ஆந் திகதி, கருடாவுக்காகச் சுரபாயாவிலிருந்து புறப்பட்ட ஒல்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்து டீ.சீ. 8 நோட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்த பணியாளர், மலைகளைக் கடக்கும் முன்னரே தாழ இறங்கினர். அதுவும் 'சீ.எவ்.' வகைக் கலமே. அதிற் சென்றோர் புனித யாத்திரைக்குப் போய்க்கொண்டிருந்தனர். நான்காண்டுகளின் பின் வீழ்ந்ததில் இருந்தோர் யாத்திரையை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தனர்.

1978ஆம் ஆண்டு விபத்துக்கான காரணத்தில் இரு நாடுகளும் உடன்படவில்லை. பணியாளர் தரையிறங்கும் ஒழுங்குமுறையைக் கைக்கொள்ளவில்லை, உயரம் பற்றிய தகவல்களை உரியவாறு சரிபார்க்கவில்லை என்றது இலங்கையின் விசாரணை. தரையிறக்க வழிகாட்டிக் கருவிகளின் பராமரிப்புக் குறைபாட்டையும், ரேடார் கட்டுப்பாட்டாளர் தந்த தகவலின் பிழையையும், இறுதிக் கட்டத்தில் எதிர்ப்பட்ட கீழ்நோக்கிய காற்றையும் சுட்டினர் ஐஸ்லாந்தர்.

இங்கே எவர் கூற்று மெய் என்பதினும் முதன்மையான வினா ஒன்றுண்டு. சர்வதேச விதிப்படி விபத்து நிகழ்ந்த நாடே விசாரணையை நடத்தவேண்டும். ஆனால் இவ்விபத்தில் அந்நாட்டின் நிலையக் கருவிகளும் கட்டுப்பாட்டுச் சேவையுமே ஐயத்துக்குரியனவாக நின்றன. மறுபுறம், பதிவு நாடான ஐஸ்லாந்துக்குத் தன் விமானிகளின் பெயரைக் காக்கும் அக்கறை இல்லாதிருக்க முடியாது. இரு தரப்பும் நேர்மையுடன் நடந்திருப்பினும், ஒவ்வொன்றும் தன் வீட்டு விளக்கைக் கொண்டே இருட்டிற் தேடியது. இறந்த யாத்திரிகர் 175 பேரையும் அனுப்பிவைத்த இந்தோனேசியாவோ, அதிக இழப்பைச் சுமந்தும், இவ்வழக்காட்டில் வாதியாகவேனும் தோன்றவில்லை.

மாண்ட பணியாளர் எண்மரும் ஐஸ்லாந்தர். அக்காலத்தில் அந்நாட்டின் மொத்தக் குடித்தொகை ஏறத்தாழ இரண்டேகால் இலட்சமே. ஐந்து பணியாளரும் 74 யாத்திரிகரும் உயிர் தப்பினர்.

63ஆம் வகையின் உடன்பிறப்புகள் பல, பின்னாளிற் புதிய எந்திரங்கள் பூட்டப்பட்டு, சரக்குக் கலங்களாக 2000ஆம் ஆண்டுக்குப் பின்னும் பறந்தன. லெய்ஃபுர் எய்ரிக்சனின் ஆயுள் ஏறத்தாழ பத்தாண்டு.