குறைகளின் மீதான ஏக்கம்

மேலைநாடுகளில் நடுத்தர வயதை எட்டியோரிடையே இன்று விசித்திரமான ஓர் ஏக்கம் பரவியிருக்கிறது. சிறுபிராயத்தில் தாம் ஆடிய பழைய கணினி விளையாட்டுக்களை அவர்கள் மீண்டும் தேடிப் பிடித்து ஆடுகிறார்கள். அவற்றுட் பல, தரமான கலைப்படைப்பு என்று கொள்ளத்தக்கன அல்ல. 1990இல் வெளிவந்த 'மாட் டோக் மக்கிறீ'யில் நடிகர்கள் கௌபாய் வேடமிட்டுத் திரையில் தோன்றுவர். ஆடுபவர் அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். 1992இல் வந்த 'நைட் ட்ராப்'பின் காட்சிகளோ 1987இலேயே படமாக்கப்பட்டவை. அக்காலத்தின் முதல் இறுவட்டு யந்திரங்கள் வினாடிக்கு 150 கிலோபைற் தகவலையே தரவல்லனவாயிருந்தன. ஆகவே படம் சிறுத்தது, நிறம் மங்கியது. நடிப்போ நகைப்புக்கிடமாயிருந்தது. எனினும் அக்குறைகளையே இரசிகர்கள் இன்று போற்றுகிறார்கள். 2017இல் 'நைட் ட்ராப்' புதுப்பதிப்பாகவும் வெளிவந்தது.

இதனைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் ஒரு கேள்வியை நாம் எழுப்பாதிருக்க முடியாது. அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறுவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள்?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருள், பற்றறி முதலியவற்றை அரசு தடைசெய்தது. 1993 டிசம்பர் 10ஆம் திகதி 'டூம்' என்ற புகழ்பெற்ற சுடும் விளையாட்டு வெளியானபோது, இங்கு மாணவர்கள் ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் முன் படித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

அதற்கு முந்திய நாள் அமெரிக்க செனற் சபையில் ஒரு விசாரணை நடைபெற்றது. 'நைட் ட்ராப்' போன்ற விளையாட்டுக்கள் சிறுவர் மனத்தைக் கெடுக்குமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆயினும் விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய சிறுவரின் மனம் அவ்விசாரணைக்கு உட்பட்டதன்று. 1996இல் அமெரிக்க மரைன் படையினர் 'டூம் 2'ஐ மாற்றியமைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். விளையாட்டுக்கும் போருக்கும் இடையே நின்ற சுவர் எத்துணை மெல்லியது என்பதற்கு இதுவே சான்று.

இன்று நம்மிடமும் ஓர் ஏக்கம் தலைகாட்டுகிறது. மின்விளக்கின் கீழ் அமர்ந்துகொண்டு, "அந்தக் காலம் போல வருமா?" என்கிறோம். அயலவரெல்லாம் ஒரே வானொலியைச் சூழ்ந்திருந்ததைச் சொல்லி மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. பழைய விளையாட்டின் குறை, விஞ்ஞானம் வளர்ச்சியுறாதிருந்தமையால் வந்தது. நமது இருளோ மனிதர் இட்ட கட்டளையால் வந்தது. டைனமோவைச் சுழற்றிய கையின் திறமையைப் போற்றுவோம். அதனைச் சுழற்ற வைத்த தடையைப் போற்றலாகாது.

இன்னுமொன்றையும் நாம் ஒளிக்காமற் பேசவேண்டும். 1990 அக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த சோனகத்தெரு வெறிச்சோடிற்று. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 30ஆம் திகதி, படையெடுப்புக்கு அஞ்சி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கிழக்கு நோக்கி நடந்தார்கள். இரண்டாவது துயரை நாம் ஆண்டுதோறும் நினைக்கிறோம். முதலாவதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? விளக்கைச் சுற்றி நிலவிய ஒற்றுமையைப் பாடும்போது, அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

விளையாட்டில் மாண்டவர் மறு ஆட்டத்தில் எழுந்துவிடுவர். சரித்திரத்தில் மறு ஆட்டம் இல்லை. ஆதலால் ஆசிரியர்களும் மாணவர்களும் ஜாம் போத்தல் விளக்கின் கதையைச் சொல்லட்டும். அதனை ஏற்ற நேர்ந்த காரணத்தையும், அவ்வேளையில் இருண்டு கிடந்த அயல்வீட்டையும் சேர்த்தே சொல்லட்டும். அப்போதுதான் ஏக்கம் அறிவாக மாறும்.