கல்வராயன் மலையில் மாரடைப்பு வந்தால்... முதல் ஒரு மணி நேரத்தில் நர்ஸ் என்ன செய்வார்? வீட்டில் எதைக் கவனிக்கணும்?

கள்ளக்குறிச்சி டவுனில் இருப்பவருக்கு நெஞ்சு வலி வந்தால், சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு சீக்கிரம் போய்விடலாம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. ஆனால் கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் குக்கிராமங்களின் கதை வேறு. அங்கே சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் இல்லாதது பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது.

அதனால் மலையில் இதய நோயாளி முதலில் பார்ப்பது பெரும்பாலும் இதய டாக்டரை அல்ல, ஒரு செவிலியரைத்தான்.

வாயுவா, மாரடைப்பா?

"வெறும் வாயுதான், சுக்குத்தண்ணி குடிச்சா சரியாகிடும்" என்று காத்திருப்பதில்தான் பாதி நேரம் போய்விடுகிறது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் களைப்பு, குமட்டல், மூச்சுத்திணறல் மட்டும் வரலாம்.

நோயாளியை நடக்க விடக்கூடாது. பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து மலை இறக்குவதும் ஆபத்து. வழியில் மயங்கினால் எதுவும் செய்ய முடியாது. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை அருகில் உள்ள சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்வது நல்லது.

அந்த 14 மாத்திரைகள் எதற்கு?

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அவசர மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14.

இவை அடைப்பைக் கரைக்காது. ரத்தக்கட்டி மேலும் பெரிதாகாமல் தடுத்து, பெரிய மருத்துவமனை போய்ச் சேரும் வரை நேரம் வாங்கித் தரும். ஆஸ்பிரின் அலர்ஜி, வயிற்றில் ரத்தக்கசிவு, மூளையில் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு இது ஆபத்தாகலாம். அதனால் செவிலியர் இதையெல்லாம் கேட்ட பிறகே மாத்திரை தரப்படும். வீட்டில் நீங்களே எடுத்துப் போடக்கூடாது.

"ஒரு ஊசி போடுங்க சிஸ்டர்"... ஏன் போடமாட்டார்?

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் இடுப்பில் வலி ஊசி போடுவதைச் செவிலியர்கள் தவிர்ப்பார்கள். அடுத்த கட்டத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டி வரலாம். அப்போது தசையில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். எனவே நரம்பில்தான் ஊசி ஏற்றுவார்கள்.

மருத்துவமனை வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கேத் லேப் 2 மணி நேரத்துக்குள் எட்டாத தூரம் என்றால், கரைக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அனுப்புவார்கள். அதன்பின் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஈறில் கசிவு, சிறுநீரின் நிறம், திடீர் தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றைச் செவிலியர் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்பார்.

வீடு திரும்பிய பிறகு?

உண்மையான சோதனை இங்கேதான். உடம்பு நல்லா இருக்கு என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே மறுபடி அடைப்பு வரலாம்.

மலையிலிருந்து கேரளா, கர்நாடகாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள், திரும்பி வரும் நாள் வரை மாத்திரை போதுமா என்று கிளம்பும் முன்பே செவிலியரிடம் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எந்த ஊர் மருத்துவமனையிலும் காட்டலாம்.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுகாதார தன்னார்வலர்கள் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவர் வரும்போது பிபி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் தினமும் பார்க்க வேண்டியவை

- கால் வீக்கம்: முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் உடம்பில் நீர் சேருகிறது.
- எடை: எடை மெஷின் இருந்தால், ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே சொல்ல வேண்டும்.
- தூக்கம்: வழக்கத்தைவிடக் கூடுதல் தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால், இதயம் திணறுகிறது.
- உப்பு: ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.
- பீடி, புகையிலை, சாராயம்: மூன்றையும் விட வேண்டும்.

நெஞ்சு வலி திரும்ப வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சிக்னல் கிடைக்கும் இடம் ஊரில் எது, இரவில் வண்டி தரக்கூடியவர் யார் என்பதை டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது.