மைசூர் தண்ணியும் மூணு மாசக் கணக்கும்

மைசூருக்குக் குடிவந்த நம்ம ஊர்க் குடும்பங்கள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் முடியில்தான் வந்து நிற்கும். "இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலைங்க, கொத்துக் கொத்தா கொட்டுது!"

ஆனா பாருங்க, மைசூர்க் குழாயில் வர்றது காவிரியும் கபினியும்தான். ரெண்டும் நரசிப்புரத்தில் கலந்து கீழே திருச்சிக்கு வருது. ஸ்ரீரங்கத்தில் ஒத்துக்கிட்ட ஆறு இங்கே மட்டும் ஏன் கோவிச்சுக்கணும்? :-)

இந்தக் கேள்விக்கு விடை கிடைச்ச கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அம்மையார், முடிக்கும் ஒரு வாழ்க்கைச் சுற்று உண்டுன்னு 1924-ல் எழுதினார். 1926-ல் டிரை என்பவர் எலியின் ரோமத்தை ஆராய்ந்து, வளரும் பருவம், மாறும் பருவம், ஓய்வுப் பருவம்னு மூணாப் பிரிச்சுப் பேர் வெச்சார். நம்ம தலையில் ஒரு முடி 2 முதல் 6 வருஷம் வளரும், சில வாரம் மாறும், சுமார் 3 மாசம் ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். அதே வேரிலிருந்து புதுசு முளைக்கும்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னா, ஒவ்வொரு முடியும் தனித்தனி தேதியில் முதிர்கிற வைப்புநிதி. தலையில் சுமார் 1 லட்சம் முடி. அதில் 10 சதவீதம், அதாவது 10,000 முடி ஓய்வில் இருக்கு. அது 100 நாளில் உதிர்ந்தா தினம் 100. சீப்பில் அவ்வளவு வந்தா அது நஷ்டமே இல்லை, சாதாரண வரவு செலவு.

எல்லாம் ஒரே நேரத்தில் முதிர்ந்தா? அதைத்தான் 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் விளக்கினார். கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை மாதிரி அதிர்ச்சி வந்தா ஏராளமான முடி ஒட்டுமொத்தமா ஓய்வுக்குப் போயிடும். கொட்டுவது ரெண்டு மூணு மாசம் கழிச்சு! 2020, 2021-ல் கொரோனா வந்து தேறினவங்க பலருக்கும் இதேதான் நடந்தது. "குழந்தை முகம் பார்த்துச் சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்"னு பாட்டிமார் சொல்வாங்களே, அதுவும் அந்த மூணாவது மாசம்தான்.

வீடு மாத்தற அலைச்சல், கூடவே ஒரு காய்ச்சல், சரியா சாப்பிடாத நாட்கள்... எல்லாம் ஜூன்ல. முடி கொட்டுறது செப்டம்பர்ல. பழி மட்டும் குழாய்க்கு.

பக்கத்து நஞ்சன்கூட்டில் முடி காணிக்கை கொடுத்தவங்களைப் பாருங்க. கத்தி வேரைத் தொடுறதில்லை, அதனால மாசம் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்ந்துடும். மழிச்சா அடர்த்தி கூடாதுன்னும் அதே டிராட்டர் 1928-ல் காட்டிட்டார்.

கைக்குழந்தையோட இருக்கிற பெண்கள் சீப்பைப் பார்த்து அழுவதும், எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதும்தான் எனக்கு வருத்தம். முதல்ல மூணு மாசம் முன்னாடி என்ன நடந்ததுன்னு யோசிங்க. காரணம் பிடிபட்டா பெரும்பாலும் தானே திரும்பி வளரும். ஆறு மாசம் தாண்டியும் நிக்கலை, இல்லை வட்ட வட்டமா சொட்டை விழுதுன்னா தோல் மருத்துவரிடம் போங்க. தேவைப்பட்டா இரும்புச்சத்து, தைராய்டு பார்ப்பாங்க.

காவிரியை விட்டுடுங்க. அவளுக்கு இருக்கிற வழக்குகளே போதும்!