சுதந்திரப் பாதையில் எமது ஆசனங்கள்

பத்தாம் தரத்தில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. “சேர், இந்தியாவுல போராடி எடுத்தாங்க. எங்களுக்கு வெள்ளக்காரன் சும்மாதானே தந்துட்டுப் போனான்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சிரிப்போடு முடியவில்லை. “சும்மா” கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுதந்திரத்துக்கு எமது சமூகம் கொடுத்தது என்ன?

1833இல் கோல்புறூக் குழுவின் விதப்புரைப்படி சட்ட நிரூபண சபை அமைந்தது. அதில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேர்: ஐரோப்பியர் மூவர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். சோனகருக்குத் தனி ஆசனம் இல்லை. தமிழ் உறுப்பினரே எமக்காகவும் பேசினார். 1888இல் பொன். இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் நூல் எழுதினார். ஆனால் ஆசனம் அதற்கு முன்பே, 1889இல் வந்துவிட்டது, எம்.சி. அப்துல் றஹ்மான் நியமிக்கப்பட்டார். அந்த ஓர் ஆசனத்துக்கு 56 வருடங்கள் காத்திருந்தோம்.

1924இல் முஸ்லிம் வாக்காளர்கள் தாமே மூவரைத் தெரிவு செய்யும் நிலை வந்தது. அப்போது வாக்குரிமை படித்தவருக்கும் சொத்துள்ளவருக்கும் மட்டுமே.

பிறகு டொனமூர் யாப்பு வந்தது. 1931இல் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஏழை விவசாயியும் அவன் மனைவியும் முதன்முறையாக வாக்களித்தார்கள். அதே யாப்பு இனவாரி ஆசனங்களை ஒழித்தது. அரசாங்க சபையின் 50 தொகுதிகளில் வென்ற முஸ்லிம் ஒரேயொருவர், மட்டக்களப்பு தெற்கில் மாக்கான் மாக்கார். 1936 பொதுத் தேர்தலில் ஒருவர்கூட வெல்லவில்லை. ரி.பி. ஜாயாவும் ராஸிக்கும் நியமனத்தால்தான் உள்ளே வந்தார்கள். நாடு சுயாட்சியை நோக்கி ஒரு படி ஏற, நாங்கள் ஒரு படி இறங்கினோம்.

இப்படி அடிபட்டவர்கள் சோல்பரி யாப்பின்போது பேரம் பேசியிருக்கலாம். ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட காலம் அது. ஆனால் 1945 நவம்பரில் அந்த யாப்பு 51க்கு 3 என ஏற்கப்பட்டபோது, முஸ்லிம் உறுப்பினர்கள் ஆதரவாகவே நின்றார்கள். ஸாஹிராவின் அதிபரான ஜாயா, சமூகத்தின் பங்கைவிட நாட்டின் விடுதலையை முன்வைத்தார்.

அவர்கள் ஏமாந்தார்களா? ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்றது யாப்பின் 29ஆம் பிரிவு. ஆனால் 1948 பெப்ரவரி 4இல் சுதந்திரம் வந்த அதே வருடம் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவரானார்கள். 29ஆம் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. 1972 குடியரசு யாப்பில் அந்தப் பிரிவும் இல்லாமல் போயிற்று.

ஆகவே ஜாயாவின் தீர்மானம் சரியா, பிழையா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அது பயத்தில் எடுத்த முடிவல்ல, கணக்குத் தெரியாமல் எடுத்த முடிவுமல்ல என்பது மட்டும் உறுதி. 1936இல் பூச்சியத்தைப் பார்த்தவர்கள் 1945இல் நாட்டை நம்பினார்கள்.

அடுத்த பாடவேளையில் அந்த மாணவனிடம் சொன்னேன்: “சும்மா இல்ல மகன். எங்கட ஆக்கள் கையில இருந்தத விட்டுக்குடுத்துத்தான் கையுயர்த்தினாங்க. அந்த நம்பிக்கைக்கு நாடு என்ன குடுத்திச்சு எண்டு நீங்கதான் வாசிச்சுப் பாக்கணும்.”