விடத் தெரிந்த கல்

1756-ல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கினார். அது கொதிப்பதுபோல் நுரைத்து நீராவியை விட்டது. கிரேக்கத்தில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்தரும் ‘சியோலைட்’ என்ற பெயரை அவர் அதற்குச் சூட்டினார். ஆக, இந்த நுண்துளைக் கல்லுக்குப் பெயர் வாங்கித் தந்தது அது பிடித்து வைத்திருந்தது அல்ல, வெளியே விட்டது. 1773-ல் வேதியியலாளர் கார்ல் ஷீலேயும் கரியில் இதையே கண்டார்: சூடாக்கினால் காற்றை விடும், ஆறினால் திரும்ப உள்ளிழுக்கும். கரியமில வாயுவைப் பிடிக்கும் பொருட்களின் வரலாற்றைத் துளைகள் பெருகிய கதையாகச் சொல்வது வழக்கம். உண்மையில் அதை நடத்திச் சென்றது விடும் திறன்தான்.

விண்வெளிப் பயணங்கள் இதற்குச் சான்று. அப்போலோ கலங்களில் மூச்சுக்காற்றைச் சுத்தப்படுத்தியது லித்தியம் ஹைட்ராக்சைடு. அது கரியமில வாயுவோடு வினைபுரிந்து கார்பனேட்டாகிவிடும். பயணத்தின் நடுவே அதை மீட்டெடுக்க வழியில்லை. 1970-ல் அப்போலோ 13 விபத்துக்குள்ளானபோது, நிலவுக் கலத்திலிருந்த ஹைட்ராக்சைடுப் பெட்டிகள் மூவருக்குப் போதவில்லை. தாய்க்கலத்தின் சதுரப் பெட்டிகளைக் குழாயும் ஒட்டுநாடாவும் கொண்டு அங்கே பொருத்தித்தான் அவர்கள் உயிர் பிழைத்தார்கள். மூன்றாண்டு கழித்து ஏவப்பட்ட ஸ்கைலேப் சியோலைட்டை நம்பியது. வாயுவைப் பிடித்த படுகையை விண்வெளியின் வெற்றிடத்துக்குத் திறந்துவிட்டால் போதும், அது மீண்டும் புதிதாகிவிடும். அங்கே ஒரு குழுவால் 84 நாள் தங்க முடிந்தது.

பூமியில் வெற்றிடம் இலவசமாகக் கிடைக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலைகளின் புகைபோக்கி வாயுவில் ஈரமும் உண்டு. சியோலைட்டோ கரியமில வாயுவைவிட நீரையே இறுகப் பற்றும், அதை விரட்ட வெப்பம் செலவாகும். 1999-ல் வேதியியலாளர் ஓமர் யாகியின் குழு அறிவித்த எம்.ஓ.எஃப்-5 போன்ற உலோக-கரிமச் சட்டகங்கள் வியப்பூட்டும் உட்பரப்பைத் தந்தன. 2025-ல் இத்துறைக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் எம்.ஓ.எஃப்-5 ஈரத்தில் சிதைந்துவிடும். கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான கால்ஃப்-20 என்ற சட்டகத்துக்கு உட்பரப்பு அதைவிட மிகக் குறைவு. இருந்தும் ஓரளவு ஈரத்திலும் அது கரியமில வாயுவைப் பிடிக்கிறது, நீராவி பட்டால் விட்டுவிடுகிறது. ஆலைவரை சென்றது அதனால்தான். வெறும் 0.04 சதவீதமே கரியமில வாயு உள்ள திறந்த காற்றுக்கு வலுவான பிடி வேண்டும் என்பதும் சரியே. ஆனால் பிடி இறுக இறுக விடுவிக்கும் வெப்பமும் கூடும். அந்த வெப்பத்துக்கு நிலக்கரியை எரித்தால் பிடித்ததில் பெரும்பகுதி வீணாகும். ஆகவே புதிய பொருள் ஒன்று அறிவிக்கப்படும்போது, எவ்வளவு கொள்ளும் என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. எவ்வளவு வெப்பத்தில் விடும், எத்தனை ஆயிரம் முறை விட்டபின்னும் மறுபடி பிடிக்கும் என்றும் கேட்க வேண்டும்.